இரண்டாவது தென்னைக்கு இடப்பக்கம்

கோல்ஃப் வண்டிக்குள் இருந்துகொண்டு தென்னைமரம் எண்ணிய அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

எனக்கு உண்டு. போன மாதம். காலை ஏழரை மணிக்குத் தொடங்கினால் பதினொரு மணி வரைக்கும் அதுதான் என் வேலை.

மூன்று கிழமையாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சுகமில்லையோ என்று ஒரு அம்மா போன் எடுத்தே விசாரித்தார். சுகத்துக்குக் குறைவில்லை அம்மா. ஹொலிடே போனேன். ஓய்வெடுக்க என்று போய், போனதை விடக் களைத்துத் திரும்பி வந்தேன்... அவ்வளவுதான்.

வீட்டில் இவருக்கு எழுபத்தைந்து முடிந்தது. மெல்பேர்ண் குளிரிலிருந்து நாலு நாளாவது தப்பட்டும் என்று மகள் டிக்கெட் போட்டுத் தந்தாள். போர்ட் டக்ளஸ் என்று ஒரு இடம். குயின்ஸ்லாந்தின் தலைமாட்டில். இங்கே ரோவிலில் ஹீற்றரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த நாங்கள், கெய்ர்ன்ஸில் விமானத்தால் இறங்கியதும் ஸ்வெற்றரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் கடல். றோட் நெடுகத் தென்னை. ஆனால் ஒரு மரத்திலும் காய் இல்லை. விருந்தாளிகளின் தலையில் விழுந்துவிடும் என்று பிஞ்சிலேயே வெட்டிவிடுவார்களாம். காய் இல்லாத தென்னை... எண்ணுவதற்குச் சுகம்.

எங்களோடு இன்னொரு சோடியும் வந்தது. சிவம் அண்ணையும் புனிதம் அக்காவும். சிவம் அண்ணையும் இவரும் டண்டினொங்கில் ஒரே தொழிற்சாலையில் இருபது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓடியவர்கள். ரிட்டயர் ஆன பிறகு சிவம் அண்ணைதான் இவரை கவுன்சில் கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். 'பணக்கார வெள்ளைக்காரன்ரை விளையாட்டு எங்களுக்கு என்னத்துக்கு' என்று முதல் நாள் கேட்ட மனிதர், இரண்டாம் மாதம் செகண்ட் ஹாண்டில் ஒரு பை நிறையத் தடி வாங்கி வந்தார். நல்ல கை. சிவம் அண்ணையே ஒத்துக்கொள்வார்.

ஆகவே திட்டம் இதுதான். காலையில் ஆம்பிளைகள் கோல்ஃப். பொம்பிளைகள் ஊர் பார்க்க. புனிதம் அக்கா ஒரு கட்டு நோட்டீஸ் சேர்த்து ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருந்தார். அடியில் கண்ணாடி போட்ட படகு, முதலை பார்க்கும் படகு, காட்டுக்கு மேலால் போகும் கேபிள் கார்.

எனக்குக் கண்ணாடிப் படகில் போக ஆசை. சத்தியமாக ஆசை. குனிந்து பார்த்தால் காலடியில் மீன் போகுமாம்.

நான் என்ன சொன்னேன்? கடலில் எனக்குத் தலை சுற்றும், நீங்கள் போங்கோ, நான் கோல்ஃப் வண்டியில் இருந்து காற்று வாங்குகிறேன் என்றேன்.

பொய். முழுப் பொய்.

புனிதம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசிலயும் மனுசனை விட்டிட்டு ஒரு மணித்தியாலம் இருக்கேலாதோ உமக்கு? புதுப் பொம்பிளை மாதிரி."

நான் சிரித்தேன். கூச்சக்காரிக்குச் சிரிப்புத்தானே பாஷை.

இப்போது சொல்லலாம். அப்போது சொல்ல முடியாது. இவருக்குக் கண் தெரிவதில்லை.

ஒரேயடியாக இல்லை. இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே விழுந்தது. பிறகு பேப்பரைச் சரித்துச் சரித்துப் பிடித்தார். பிறகு பேப்பரே எடுக்கவில்லை, 'அதிலை என்ன கிடக்கு' என்றார். கண் டொக்டரிடம் போவோம் என்று கேட்டால், முந்தி ஒப்பரேஷன் செய்து வெள்ளை எடுத்த கண் தானே, அது நல்லா இருக்கு என்பார். இரண்டாம் தரம் கேட்டால் கோபம். மூன்றாம் தரம் நான் கேட்கவில்லை.

ஏன் அந்தக் கோபம் என்று எனக்குத் தெரியும். டொக்டர் எழுதிக் கொடுத்தால் லைசன்ஸ் போய்விடும். லைசன்ஸ் போனால் டண்டினொங் மார்க்கெற் இல்லை, கோயில் இல்லை, கோல்ஃப் இல்லை. எனக்கும் கார் ஓடத் தெரியாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் மகளைக் கேட்க வேண்டும். ஆரையும் கேட்டு வாழாத மனிதர்.

அதனால் நான் என்ன செய்தேன்? காரில் பக்கத்து சீற்றில் இருந்து, ஏதோ கதை சொல்வது மாதிரிச் சொல்லத் தொடங்கினேன். 'லைற் சிவப்பாப் போட்டுது போல.' 'அந்த மனுசி பிள்ளை வண்டிலோட கடக்கப் போறா.' அவர் 'ஓம், கண்டனான்' என்பார். நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஆனால் நான் இல்லாமல் அவர் காரை வெளியே எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கோல்ஃபிலும் அப்படித்தான். பந்தை அடித்துவிடுவார். காலடியில் இருக்கும் பந்தைக் கண் ஓரத்தால் எப்படியோ பிடித்துக்கொள்வார், மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். ஆனால் பறந்த பந்து எங்கே போனது? அது தெரியாது. வெள்ளைப் பந்தை மஞ்சளாக மாற்றினார். 'என்ன மச்சான், பந்துக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினனீயோ' என்று சிவம் அண்ணை கேட்டார். மஞ்சளும் உதவவில்லை. அதனால்தான் வண்டிக்குள் நான். பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போது, மெல்லமாக, "இரண்டாவது தென்னைக்கு இடப்பக்கம்" என்பேன். நேரே அங்கே போவார்.

சிவம் அண்ணைக்கு ஆச்சரியம். 'தங்கச்சி வந்ததிலயிருந்து இவன் ஒரு பந்தும் துலைக்கேல்லை' என்று மெச்சினார். நான் பிளாஸ்க் மூடியைத் திருகினேன்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஒருமுறை பந்து தாமரைக் குளத்துக்குள் போனது. நான் பையிலிருந்து வேறொரு மஞ்சள் பந்தை எடுத்துக் கரைப் புல்லில் போட்டேன். இந்த வயதில் களவு விளையாட்டு. கடவுள் மன்னிப்பாராக. கோல்ஃப் சங்கத்தார் மன்னிக்க மாட்டார்கள்.

பின்னேரங்களில் ரிசோர்ட்டில் இருப்பது இன்னும் கஷ்டம். நீச்சல் குளத்தைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் படுத்துக்கிடக்கிறார்கள். எழும்புகிறார்கள் இல்லை. எப்படி முடிகிறது? நான் கதிரையில் இருப்பேன், எழும்புவேன், துவாய்களை மடிப்பேன், திரும்ப இருப்பேன். இரண்டாம் நாள் பின்னேரம் புனிதம் அக்கா வந்து போனில் படம் காட்டினார். நீல உதடு வைத்த பெரிய சிப்பி. கிளி மாதிரி நிறத்தில் மீன். 'நீர்தான் குடுத்து வைக்கேல்லை' என்றார். நான் படத்தைப் பார்த்தேன். ஒரு கண்ணால் இவரையும் பார்த்தேன். படிக்கட்டு இறங்கிக்கொண்டிருந்தார், கடைசிப் படியைக் காலால் தடவித் தடவி.

இதெல்லாம் பரவாயில்லை. மூன்றாம் நாள்தான் பெரிய சோதனை.

கேபிள் காருக்குப் போக வேண்டும் என்று சிவம் அண்ணை ஒரு கார் வாடகைக்கு எடுத்தார். ஓட்டுவது அவர் என்றுதான் பேச்சு. ஆனால் அதற்கு முந்தின நாள் மைதானத்து மணல் குழிக்குள் இறங்கி முழங்காலைப் பிரட்டிக்கொண்டார். காலையில் நொண்டிக்கொண்டு வந்து, 'மச்சான், நீதான் ஓடவேணும்' என்று கார்த் திறப்பை இவர் கையில் வைத்தார்.

இவர் வாங்கிக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

நான் முன் கதவைத் திறக்கப் போனேன். புனிதம் அக்கா அதற்குள் ஏறிவிட்டார். பின்னால் இருந்தால் அவருக்குக் குமட்டிச் சத்தி வருமாம். எனக்கும் தலை சுற்றும் என்றேன். 'உமக்குக் கடல்லதானே' என்றார். என் பொய் எனக்கே வந்து மறித்தது. சிவம் அண்ணை காலை நீட்டுவதற்கு மற்றப் பக்கம் வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்தது இவருக்குப் பின்னால் இருக்கும் சீற். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது இவரின் பிடரி மட்டும்தான்.

அந்த றோட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் கடல், நடுவில் வளைவு மேல் வளைவு. ஊருக்குள் இருக்கும் வரைக்கும் மெதுவாகத்தான் போனார். கடற்கரைக்கு வந்ததும் பின்னால் கார்கள் நெருக்கின. இவரும் வேகமாகப் போனார். புனிதம் அக்கா கடலைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். சிவம் அண்ணை முழங்காலுக்குத் தைலம் பூசினார். நான் இரண்டு சீற்றுக்கும் நடுவால் தலையை நீட்டிக்கொண்டு, பெல்ற் கழுத்தை அறுக்க, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வளைவு வருது' என்றேன். 'இடப்பக்கம் சைக்கிள்காரன்' என்றேன். 'தங்கச்சி இண்டைக்கு நல்லாக் கதைக்கிறா' என்றார் சிவம் அண்ணை.

அடுத்த வளைவில் றோட் வேலை. செம்மஞ்சள் கூம்புகள். நடு றோட்டில் ஒரு பெண் பிள்ளை, மஞ்சள் ஜாக்கெட், கையில் தடியில் கட்டின ஸ்டொப் பலகை. நேரே எங்களுக்கு முன்னால்.

இவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ."

அது என் சத்தம்தான். அவ்வளவு சத்தம் என் தொண்டைக்குள் இருந்தது எனக்கே தெரியாது. இவர் பிரேக்கை அமத்தினார். கார் கீச்சிட்டு நின்றது. அந்தப் பிள்ளைக்கும் காருக்கும் இடையில் நாலு முழம் இருந்திருக்கும். பிள்ளை ஓடவில்லை, ஏசவில்லை. பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றது. அதன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இருபது வயது இருக்கும்.



பிறகு இவர், வெயில் கண்ணுக்குள் குத்திவிட்டது என்றார். சிவம் அண்ணை உடனே, ஓம் ஓம், காலமை வெயில் இந்தப் பக்கம் பொல்லாதது என்றார். புனிதம் அக்காவும் வெயில் கண்ணாடியைக் கழற்றி மடக்கிவிட்டு, வெயில்தான் என்றார்.

பாருங்கள், எல்லோருமாகச் சேர்ந்து எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டார்கள். நானும் 'ஓம், வெயில்' என்று சொன்னால் முடிந்தது. நாற்பத்தாறு வருஷத்தில் நான் இவரை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசியதில்லை. என் அம்மாவும் பேசியதில்லை. எங்கள் ஆட்களில் அதை மரியாதை என்போம்.

அந்தப் பிள்ளை பலகையைத் திருப்பியது. மெல்லப் போகலாம். இவர் கை கியரில்.

"வெயில் இல்லை," என்றேன். "இவருக்குக் கண் தெரியிறேல்லை. ரெண்டு வருஷமா."

சிவம் அண்ணை இவரின் தோளைத் தொட்டார். "மெய்யோ மச்சான்?"

இவர் எஞ்சினை நிப்பாட்டினார். கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் நின்ற கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். இறங்கியவர் எங்கே போவது என்று தெரியாமல் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் இறங்கிப் பக்கத்தில் போனேன். என் பக்கம் திரும்பாமல் ஒன்றுதான் சொன்னார்.

"சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டாய்."

இனி ஆர் ஓடுவது? சிவம் அண்ணை முழங்காலைப் பார்த்தார். அப்போது முன் சீற்றிலிருந்து புனிதம் அக்கா இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலப்பக்கம் வந்து ஏறினார். சிவம் அண்ணை ஏதோ முனகினார். 'எடுத்தவரின்ரை மனுசியும் ஓடலாமெண்டு வாடகைக்குக் கார் தந்த பிள்ளை சொன்னதை நானும் கேட்டனான். பேசாமல் இருங்கோ' என்றார் அக்கா.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் நாலு பேரிலும் நன்றாகக் கார் ஓடுபவர் புனிதம் அக்காதான். கிரெய்கிபர்னில் இருக்கும் மகளின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்க, கிழமைக்கு இரண்டு நாள் மெல்பேர்ணைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் வருகிறவர். அப்படிப்பட்டவர் ஏன் சத்திப் பையோடு பக்கத்து சீற்றில் இருந்தார்? ஒரு கார். அதற்குள் ஒருவர் நொண்டி, ஒருவருக்குக் கண் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஆம்பிளைகள். அதனால் திறப்பு அவர்களுக்குள்ளேயே சுற்றியது. எனக்கும் அது தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. ஓடும்போது அவருக்குச் சத்தியும் வரவில்லை.

கேபிள் காருக்கு ஆருக்கும் மனமில்லை. கொஞ்சத் தூரத்தில் கடலைப் பார்ப்பதற்கென்று மலை விளிம்பில் ஒரு இடம் கட்டி வைத்திருந்தார்கள். அக்கா அங்கே நிறுத்தினார். அவர்கள் இரண்டு பேரும் காரிலேயே இருந்தார்கள், எங்களுக்கு இடம் விட்டு. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். கீழே கடல் பச்சையாகவும் நீலமாகவும் விரிந்து கிடந்தது. எனக்கு அதில் மனம் நிற்கவில்லை.

கம்பியை விடாமலே இவர் கதைத்தார். ஓரமெல்லாம் நல்லாத் தெரியுதாம். நடுவில்தான் இல்லையாம். ஆரோ விரலால் அழுத்தி அழித்த மாதிரியாம். எதை நேரே பார்த்தாலும் அதுதான் காணாமல் போகுமாம்.

பிறகு சொன்னார்: "உன்ரை முகத்தைப் பாக்கவேணுமெண்டா நான் உன்ரை காதைப் பாக்கவேணும்."

இரண்டு வருஷமாக இவர் என்னை நேரே பார்த்துக் கதைப்பதில்லை என்று நான் மனதுக்குள் ஒரு குறை வைத்துக்கொண்டு திரிந்தேன். வயது போய்விட்டது, இனி என்ன முகம் என்று நினைத்துக்கொண்டேன். அது இப்படி என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தென்னைமரக் கணக்கு மட்டும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு முழுக்க அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ரிசோர்ட் அறையின் குட்டிக் குசினியில் சமைத்துச் சோறு போட்டேன், சாப்பிட்டார். அவ்வளவுதான்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டிச் சத்தம். சிவம் அண்ணை. முழங்காலில் பண்டேஜ், தலையில் தொப்பி. இவர் வரவில்லை என்றார். அண்ணை போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"வெளிக்கிடு மச்சான். நீ அடி, நான் பாக்கிறன். ஆனா உன்ரை மனுசி மாதிரி நான் நல்லவன் இல்லை. தண்ணிக்கை விழுந்தா தண்ணிக்கை எண்டுதான் சொல்லுவன்."

அப்போ அவருக்குக் குளக்கரைப் பந்தும் தெரிந்திருக்கிறது... நான் குசினிப் பக்கம் போய்விட்டேன். இவர் சப்பாத்தைத் தேடும் சத்தம் கேட்டது.

நான் கண்ணாடிப் படகில் போனேன். மீன் பார்த்தேன். நல்ல மீன், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு எங்களையே பார்த்தது. ஆனால் சொன்னால் நம்புவீர்களா — அரை மணித்தியாலத்துக்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இப்போ எத்தனையாம் குழியில் நிற்பார்கள்? தேத்தண்ணி ஆர் ஊற்றிக் கொடுப்பது? சிவம் அண்ணை படி இருக்கு என்று சொல்வாரா? தலை சுற்றுதோ என்று புனிதம் அக்கா கேட்டார். ஓம் என்றேன். இந்த முறை அது பாதி உண்மை.

திரும்பி வந்து கண் டொக்டரிடம் போனோம். மகள் ஏற்றிக்கொண்டு போனாள். ஒரு கண்ணுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டொக்டர். மற்றக் கண்ணுக்கு முந்தியே வந்திருக்கலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் அது ஊசி மாதிரி ஏறியது.

முந்தியே வந்திருக்கலாம். ஏன் வரவில்லை? அவருக்கு வீம்பு என்று எல்லோரும் சொல்வார்கள். வீம்பு இருந்தது உண்மை. ஆனால் அந்த வீம்பு இரண்டு வருஷம் நின்று பிடித்தது என் தயவால். நான் லைற் நிறம் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் முதல் மாதமே எங்காவது முட்டி, முதல் மாதமே டொக்டரிடம் போயிருப்பார். அல்லது முட்டிய இடத்தில் அந்தப் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை நின்றிருக்கும்... இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது குசினிக்குள் நின்றுகொண்டு யோசிக்கிறேன். நான் அவருக்கு உதவி செய்தேன் என்று நினைத்தேன். ஒளிப்பதற்குத்தான் உதவி செய்திருக்கிறேன்.

இதை வாசிக்கும் என் வயது அக்காமாருக்கு ஒன்று சொல்லலாமா? பக்கத்து சீற்றில் இருந்துகொண்டு நாங்கள் எத்தனை பேர் இப்படி மெதுவாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம்? மருந்து மறந்தால் எடுத்துக் கொடுத்து, பெயர் மறந்தால் காதுக்குள் சொல்லி, தடுமாறினால் நாங்கள் தடுமாறினது மாதிரி நடித்து... கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிப் பாருங்கள். தொண்டை கிழியாது. வீட்டில் இரண்டு நாள் சோறு சத்தமில்லாமல் சாப்பிடப்படும். அவ்வளவுதான்.

லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ரோவிலிலிருந்து டண்டினொங்குக்கு இப்போது பஸ்ஸில் போகிறோம். ஜன்னல் பக்க சீற் அவருக்கு.

இந்தப் பத்தியை அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்துக்கொண்டு உழன்றேன். நேற்றுக் காலமை அவரைக் கதிரையில் இருத்தி முழுக்க வாசித்துக் காட்டினேன். என் காதையே பார்த்துக்கொண்டு கேட்டார். அனுப்பு என்றார். ஆனால் பத்திரிகையில் தன் பெயரைச் சொல்லிப்போடாதே என்றார்.

நாற்பத்தாறு வருஷமாக நான் எங்கே அவர் பெயரைச் சொன்னேன்?